பினாங்குப் பயணத்துக்கு நாள் பார்ப்பது எப்படி?

பினாங்குக்குப் போக எந்த மாதம் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மழையை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். அதற்குப் பதில் எளிது. தீவு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலில் 32 டிகிரியை ஒட்டியும், இரவில் 24 டிகிரியை ஒட்டியும் வெப்பம் இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதிகம். சென்னையை நனைக்கும் வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானையும் திரங்கானுவையும் நனைக்கிறது. நடுவில் நிற்கும் மலைத்தொடர் அதைத் தடுத்துவிடுவதால், மேற்குக் கரையிலுள்ள பினாங்குக்கு அதே மாதங்கள் வறண்ட காலம்.

ஆனால் இந்த ஊரில் பயணிக்கு மழையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எந்த நாளில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், எந்தச் சாலையில் வண்டி போகாது, எந்த வாரத்தில் விடுதி அறை கிடைக்காது, எந்த இரவில் ஊரே தெருவில் நிற்கும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது திருவிழாக்கள். அவற்றின் தேதிகள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் நகர்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நகர்வு ஒழுங்கில்லாததுபோல் தோன்றும். அதில் தெளிவான ஒழுங்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பயணத்துக்கு நாள் பார்ப்பது கடினமல்ல.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் இத்தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். துறைமுக நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைக்கப்பட்டது. ஃபுக்கியன் மாநிலத்திலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், செட்டிநாட்டு நகரத்தார், கூலி வேலைக்கு வந்த தமிழர்கள், ஆச்சேவிலிருந்து வந்தவர்கள், மலாய்க்காரர்கள், சயாமியர், பர்மியர் என்று பலரும் சில சதுரக் கிலோமீட்டருக்குள் குடியேறினார்கள். ஜார்ஜ் டவுன் இன்றும் சீனர் பெரும்பான்மையாக வாழும் நகரம். தெருவில் அதிகம் கேட்கும் மொழி ஹொக்கியன். ஆனாலும் 1801இல் காதர் மைதீன் தொடங்கிவைத்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில், குவான் யின் கோயில், 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை.

இத்தனை மக்களும் தங்கள் நாட்காட்டியைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவற்றில் மூன்று முக்கியம்.

முதலாவது சீன நாட்காட்டி. அதன் மாதம் அமாவாசை அன்று தொடங்கும். பதினைந்தாம் நாள் பௌர்ணமி. இப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. அப்படியே விட்டால் புத்தாண்டு பருவம் மாறிப் போய்விடும். அதனால் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதை இடைமாதம் என்று சொல்லலாம். பத்தொன்பது ஆண்டுக்கு ஏழு இடைமாதம் வரும். இந்தத் திருத்தத்தால் சீனப் புத்தாண்டு எப்போதும் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையிலுள்ள ஓர் அமாவாசையில் வந்து நிற்கிறது.

இரண்டாவது நம்முடையது. தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுகிறது. தை ஜனவரி 14 அல்லது 15இல் பிறக்கும். ஆனால் அந்த மாதத்துக்குள் திருவிழா நாளைக் குறிப்பது நிலவு. தைப்பூசம் என்றால் தை மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிவரும் பூச நட்சத்திரம். மாசி மகம், சித்திரா பௌர்ணமி ஆகியவையும் இதே முறைதான்.

மூன்றாவது இஸ்லாமிய நாட்காட்டி. இது முழுக்க முழுக்க நிலவைச் சார்ந்தது. பிறை கண்டு மாதம் பிறக்கும். இடைமாதம் கிடையாது. ஆகவே நோன்பும் பெருநாள்களும் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். முப்பத்து மூன்று ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

மூன்றுக்கும் பொதுவானது நிலவு. பினாங்கின் திருவிழாக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுவே.

தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும் எடுத்துக்கொள்வோம். பயணிகளை அதிகம் குழப்புவது இந்த இரண்டும்தான். ஒன்று அமாவாசை விழா, மற்றொன்று பௌர்ணமி விழா. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துக்குள் வந்தாக வேண்டும். எனவே அவற்றுக்கு இடையே எப்போதும் சுமார் இரண்டு வாரம் இருக்கும். புத்தாண்டு ஜனவரியில் வந்தால் தைப்பூசம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும். பிப்ரவரியில் வந்தால் தைப்பூசம் முன்னால் முடிந்திருக்கும். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25, புத்தாண்டு பிப்ரவரி 10. 2025இல் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, புத்தாண்டு பிப்ரவரி 17. கணக்குப் பிசகுவதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் பதினைந்து நாள் நீளும். கடைசி இரவின் பெயர் சாப் கோ மே. அது முதல் பௌர்ணமி. தைப்பூசம் புத்தாண்டுக்குப் பின்னால் வரும் ஆண்டுகளில், அது சாப் கோ மே இரவோடு சேர்ந்தோ ஒட்டியோ வரும். 2020இல் இரண்டும் பிப்ரவரி 8 அன்று வந்தன. 2023இல் இரண்டும் பிப்ரவரி 5. அந்த ஆண்டுகளில் ஒரே நாளில் இரண்டும் நடந்தன: முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் காவடி. எஸ்பிளனேட் கடற்கரையில் திருமணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் வீசும் சடங்கு.

இனி அந்தந்த நாளில் ஊர் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

தைப்பூசம் பினாங்கில் மூன்று நாள் விழா. முதல் நாளைச் செட்டிப்பூசம் என்று அழைக்கிறார்கள். பினாங்குத் தெருவில் நகரத்தாருக்கு ஒரு கோவில் வீடு இருக்கிறது. உற்சவ மூர்த்தி இருப்பது அங்கே. அன்று அதிகாலையில் முருகன் அங்கிருந்து வெள்ளி ரதத்தில் புறப்படுகிறார். மாடுகள் இழுக்கும் அந்த ரதம் 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது சேர வேண்டிய இடம் வாட்டர்ஃபால் சாலையில் நகரத்தார் 1850களில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில். தூரம் அதிகமில்லை, வண்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது. ரதம் போய்ச் சேர இரவாகிவிடும். வழிநெடுக அர்ச்சனைத் தட்டு நீட்டுபவர்களுக்காக அது நின்று நின்று போகிறது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் தேங்காய். வேண்டுதல் வைத்தவர்கள் சாலையோரத்தில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் இறக்கிக் குவித்து வைத்திருப்பார்கள். சில குவியல்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும். அவற்றில் பெரும்பகுதி சீனக் குடும்பங்களும் சீன வணிகர்களும் நேர்ந்துகொண்டவை. குவியலின் மேல் ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். ரதம் கண்ணுக்குத் தெரிந்ததும் குடும்பத்தில் பெரியவர், சிறியவர் எல்லோரும் இரண்டு கையாலும் தேங்காயை எடுத்துத் தார்ச்சாலையில் அடிக்கத் தொடங்குவார்கள். சில நிமிடத்தில் சாலை வெள்ளையாகிவிடும். இளநீர் ஓடும். உடனே மண்வாரியோடும் இயந்திரத்தோடும் காத்திருப்பவர்கள் சில்லுகளை ஓரம் தள்ளுவார்கள். மாடுகளும் வெறுங்காலோடு வரும் பக்தர்களும் நடக்க வழி வேண்டுமல்லவா? பார்க்கப் போகிறவர் நல்ல தடித்த செருப்போ மூடிய காலணியோ போட்டுக்கொண்டு, குவியலிலிருந்து தள்ளி நிற்பது நல்லது. சில்லு தெறிக்கும்.

இத்தனை தேங்காய் வீணாகலாமா என்ற கேள்வி பினாங்கிலேயே எழுந்திருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக, உடைக்கும் எண்ணிக்கையைக் குறைத்து அந்தப் பணத்தை அறப்பணிக்குக் கொடுங்கள் என்று கேட்டுவருகிறது. நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் வேண்டுதலின் அளவைத் தாங்களே முடிவுசெய்கிறார்கள். இரண்டு தரப்பும் ஆண்டுதோறும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

2017 முதல் தங்க ரதமும் ஊர்வலம் போகிறது. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் ஏற்பாடு அது. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து மலைக்கோயிலை நோக்கிப் போகும். மலைமேல் இருக்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. இப்போதுள்ள கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. ஊரில் அந்த இடத்துக்கே தண்ணீர்மலை என்றுதான் பெயர்.

இரண்டாம் நாள் தைப்பூசம். காவடிகளும் பால்குடங்களும் அன்றுதான். வாட்டர்ஃபால் சாலையின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல் வரிசை. பல பந்தல்களில் சோறும் இலவசம். மூன்றாம் நாள் ரதம் திரும்பும். அந்தத் திரும்பும் இரவில் கூட்டம் சற்றுக் குறைவு. ரதத்தை அருகில் நின்று பார்க்க நினைக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அதுவே ஏற்ற நேரம். மூன்று நாளும் தண்ணீர்மலைப் பக்கம் பல சாலைகள் அடைக்கப்படும். வாடகை வண்டி ஓரளவு தூரத்தில் இறக்கிவிடும். மீதியை நடக்க வேண்டும். மலை ஏறுவதாக இருந்தால் விடியற்காலையில் ஏறுவது நல்லது. பத்து மணிக்கு மேல் வெயில் கடுமை.

தைப்பூசம் ஊரைத் தெருவுக்கு அழைக்கிறது என்றால், சீனப் புத்தாண்டின் முதல் நாள்கள் ஊரை வீட்டுக்குள் அழைக்கின்றன. புத்தாண்டுக்கு முந்திய இரவு குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிட வேண்டும். அதற்காகக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்குக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது. முதல் இரண்டு மூன்று நாள் பினாங்கின் புகழ்பெற்ற அங்காடிக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். சாப்பாட்டுக்காகவே பினாங்கு போகிறவர்கள் இந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் நம் உணவகங்கள் திறந்திருக்கும் என்பதால் பட்டினி கிடக்க நேராது.

2026இலும் 2027இலும் ஒரு சிக்கல் சேர்கிறது. இரண்டு ஆண்டிலும் சீனப் புத்தாண்டு பிறந்த ஓரிரு நாளில் ரமலான் நோன்பும் தொடங்குகிறது. ஒரே அமாவாசைதான் இரண்டுக்கும் காரணம். சீனக் கடைகள் விடுமுறையில் இருக்கும்போது முஸ்லிம் உணவகங்கள் பலவும் பகலில் மூடியிருக்கும். மாலையில் நிலைமை நேர்மாறு. நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி ரமலான் சந்தைகள் கூடும். நாசி கண்டார் என்னும் சோற்றுக் கடைகளில் அடுப்பு எரியும். அந்த நாள்களில் சாப்பாட்டை மாலைக்குத் தள்ளிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புத்தாண்டின் பதினைந்து நாளில் எல்லா நாளும் ஒன்றல்ல. ஆறாம் நாள் பாயான் லெபாஸ் பாம்புக் கோயிலில் அதன் தெய்வமான சோர் சூ கோங்கின் பிறந்தநாள். ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி பௌத்தக் கோயில் புத்தாண்டையொட்டிச் சுமார் ஒரு மாதம் இரவில் ஆயிரக்கணக்கான விளக்குகளோடு திறந்திருக்கும். மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழும் அக்கோயிலின் கட்டுமானம் 1890களில் தொடங்கியது. ஏழடுக்குப் பகோடா 1930இல் முடிந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது எட்டாம் நாள் இரவு. ஒன்பதாம் நாள் விண்ணுலக அரசரான மாணிக்கப் பேரரசரின் பிறந்தநாள். ஹொக்கியன் மக்களுக்கு இதுதான் உண்மையான புத்தாண்டு. முன்னொரு காலத்தில் பகைவரின் படையிலிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தோம், வெளியே வந்த நாள் அரசரின் பிறந்தநாளாக இருந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதனால் அன்று வேரோடும் தோகையோடும் முழுக் கரும்பு இல்லாமல் படையல் கிடையாது. பொங்கல் முடிந்து சில வாரத்தில் மறுபடியும் கரும்புக் கட்டுகள் சந்தையில் நிற்பதைப் பார்க்கலாம். வெல்ட் கீ கடற்கரையில் குலப் படகுத்துறைகள் இருக்கின்றன. கடலுக்குள் மரக்கால் நட்டு, ஒவ்வொரு குலமும் கட்டிக்கொண்ட வீட்டு வரிசைகள் இவை. அவற்றில் சியூ குலத்தின் துறையில் அந்த இரவு நீண்ட மேசைகளை வரிசையாகப் போட்டு, கரும்பு, அன்னாசி, சிவப்பு ஆமை வடிவப் பலகாரம், முழுப் பன்றி வறுவல், தேநீர் என்று பரப்புவார்கள். நள்ளிரவில் ஊதுபத்தி ஏற்றி வணங்கி, பொன்தாளையும் கரும்பையும் ஒன்றாகத் தீயிலிடுவார்கள். அங்கே போகிறவர் நினைவில் வைக்க வேண்டியது, அது மக்கள் குடியிருக்கும் இடம் என்பது. வாசலில் நின்று உள்ளே எட்டிப் படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது.

பதினான்காம் இரவில் தஞ்சோங் தோக்கோங் துவா பெக் கோங் கோயிலில் தீ பார்க்கும் சடங்கு நடக்கும். ஊதுபத்திக் கிண்ணத்தில் நெருப்பை விசிறி எழுப்பி, மூன்று முறை அதன் உயரத்தைப் பார்ப்பார்கள். ஆண்டின் முதல், நடு, கடைசிப் பகுதிகளில் வியாபாரம் எப்படி என்று அதைக் கொண்டு குறி சொல்வது வழக்கம். மறுநாள் செய்தித்தாளிலும் அது வரும்.

பிப்ரவரிக்குப் பிறகு சில மாதம் ஊர் அமைதியாக இருக்கும். தைப்பூசத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மாசி மகம். தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங்கில் அன்று கடலில் தெப்பத் திருவிழா. ஏப்ரல் 4 அல்லது 5இல் சீனர்கள் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்கும் சிங் மிங். இது சூரியனைப் பின்பற்றுவதால் தேதி பெரிதாக மாறாது. மே மாதப் பௌர்ணமியில் பௌத்தர்களின் விசாகம். பர்மா லேனில் எதிரெதிரே நிற்கும் சயாமியக் கோயிலுக்கும் பர்மியக் கோயிலுக்கும் அன்று போகலாம். ஜூலை 26 தீவுக்கு எதிரே புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் பெருவிழா. வேளாங்கண்ணிக்குப் போவதுபோல் மலேசியா முழுவதிலிருந்தும் தமிழ்க் கிறித்தவர்கள் அங்கே கூடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் 2010 முதல் நடந்துவரும் ஜார்ஜ் டவுன் கலைவிழா.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஆகஸ்டை ஒட்டி வரும். பசித்த ஆவிகளின் மாதம் அது. நரகத்தின் கதவு திறந்து, படையலிட யாருமில்லாத ஆவிகள் ஒரு மாதம் பூமியில் உலவும் என்பது நம்பிக்கை. நாம் ஆடியில் நல்ல காரியம் தொடங்காததைப்போல் அவர்களும் இந்த மாதத்தில் கல்யாணம், குடிபுகுதல் வைத்துக்கொள்வதில்லை. பினாங்கில் இது ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு சந்தையும் தனக்கென்று நாளைப் பிரித்துக்கொள்கிறது. ஆவிகளின் அதிபதிக்குக் காகிதமும் மூங்கிலும் கொண்டு பெரிய உருவம் செய்து வைத்து, கடைசி நாளில் எரிப்பார்கள். எதிரே மேடை போட்டுச் சீன நாடகமோ பாட்டுக் கச்சேரியோ நடக்கும். 1970களிலிருந்து இவ்விழாக் குழுக்கள் நிதி திரட்டிச் சீனப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்துவருகின்றன. பயணிக்குத் தெரிய வேண்டிய விதி இரண்டு. மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் அவை ஆவிகளுக்கானவை, உட்காரக் கூடாது. சாலையோரத்தில் சோறும் ஊதுபத்தியும் வைத்திருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும்.

ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா. அமாவாசையை ஒட்டித் தொடங்கி ஒன்பது இரவு என்றதும் நமக்கு நினைவு வருவது நவராத்திரி. உண்மையிலேயே பல ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாள்களில் வருகின்றன. 2022, 2023, 2024 மூன்றிலும் அப்படியே. ஆனால் 2025இல் ஒரு மாதம் விலகிப் போயின. நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வந்தது. ஒன்பது பேரரசர் விழா தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 21இல் தொடங்கியது. காரணம் இடைமாதம். சீன நாட்காட்டி 2025இல் ஆறாம் மாதத்தை இருமுறை எண்ணியது. நவராத்திரி நாளைக் கணக்கிடும் வடமொழிப் பஞ்சாங்கமும் இதே போன்ற மாதத்தைச் சேர்க்கிறது. அதற்கு அதிக மாதம் என்று பெயர். அது 2026இல்தான் வந்தது. ஒரு நாட்காட்டி திருத்திக்கொண்டு, மற்றது இன்னும் திருத்தாத இடைவெளியில் விழாக்கள் பிரிந்துவிட்டன. 2026 அக்டோபரில் மறுபடியும் ஒரு நாள் வித்தியாசத்தில் சேர்ந்துவருகின்றன.

சைவம் மட்டும் சாப்பிடும் தமிழர்களுக்குப் பினாங்கில் இதைவிட வசதியான காலம் இல்லை. அந்த ஒன்பது நாளும் பக்தர்கள் வெள்ளை உடுத்திச் சைவம் காக்கிறார்கள். வழக்கமாகப் பன்றியும் இறாலும் மணக்கும் தெருக்களில் சைவக் கடைகள் முளைத்துவிடும். மஞ்சள் கொடி கட்டியிருந்தால் அது சைவக் கடை. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற மாதங்களிலும் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும், பலர் சைவம். அன்று குவான் யின் கோயில் முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும்.

அக்டோபர், நவம்பரில் தீபாவளி. டிசம்பர் 21 அல்லது 22 நீண்ட இரவன்று சீன வீடுகளில் அரிசி மாவு உருண்டைகளைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துப் படைப்பார்கள். டிசம்பரில் உயரமான மூங்கிலில் கட்டிய கொடியை நெற்றியிலும் தோளிலும் ஏந்திப் போகும் சிங்கே ஊர்வலமும் உண்டு.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பல நாள் கடலில் கழித்துப் போன ஊர் இது. 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ சென்னையிலிருந்து நேரடி விமானம் விடுகிறது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா தேவையில்லை. இச்சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளவும். வருவதற்கு மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் துறையில் ஃபெரி ஏறலாம். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலமும் இருந்தாலும், விழா நாள்களில் பாலத்தில் நெரிசல் அதிகம். ஃபெரியே மேல். விமான நிலையம் நகரிலிருந்து தெற்கே பாயான் லெபாஸில் இருக்கிறது. அங்கிருந்து ரேபிட் பினாங்கு பேருந்து நகரிலுள்ள கொம்தார் கோபுரத்துக்கும் ஃபெரித் துறைக்கும் போகிறது. பழைய நகருக்குள் கேட் என்ற இலவசப் பேருந்து சுற்றிவருகிறது. பினாங்கு மலைக்கு 1923 முதல் ஓடும் இழுவை ரயிலில் விடுமுறை நாளில் வரிசை நீளம். காலையில் முதலில் போக வேண்டும். வெளிநாட்டவருக்கு விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. மின்செருகி மூன்று சதுர முள் வகை. மணி இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவருக்கு என் யோசனை இது. தைப்பூசம் சீனப் புத்தாண்டுக்குப் பின்னால் வரும் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். புத்தாண்டின் ஏழாம் நாள் வாக்கில் போய் இறங்கினால் கடைகள் திறக்கத் தொடங்கியிருக்கும். எட்டாம் இரவில் சியூ படகுத்துறை. பிறகு சில நாள் நகரையும் மலையையும் நிதானமாகப் பார்க்கலாம். பதினான்கு, பதினைந்தாம் நாள்களில் வெள்ளி ரதமும் சாப் கோ மேயும். இரண்டு சமூகத்தின் பெரிய விழாக்களையும் பத்து நாளுக்குள் பார்த்துவிடலாம். வேறெந்த வரிசையிலும் இது அமைவதில்லை. கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மார்ச் மாதமும் ஜூன் மாதமும் போதும். ஊர் தன் இயல்பில் இருக்கும், அங்காடிக் கடைகள் எல்லாம் திறந்திருக்கும்.

2027இல் தைப்பூசம் ஜனவரி 22, புத்தாண்டு பிப்ரவரி 6. ஆகவே அது தைப்பூசம் முன்னால் வரும் ஆண்டு. 2028இல் புத்தாண்டு ஜனவரி 26. தைப்பூசமும் சாப் கோ மேயும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மறுபடியும் கூடுகின்றன. அதற்கு அறை பிடிக்க நினைப்பவர்கள் 2027 முடிவதற்குள் பிடித்துவிட வேண்டும். லிட்டில் இந்தியாவுக்கும் வெல்ட் கீக்கும் நடுவே அறை எடுத்தால் கோவில் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் நடந்தே போகலாம். சாலை அடைத்தாலும் கவலையில்லை.